பெரிய நாய்க்கு டிரை ஃபுட்: காசையும் நாயின் உடம்பையும் கெடுக்கும் தவறுகள்

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், ராஜபாளையம் என்று 25 கிலோவைத் தாண்டிய நாய் வீட்டில் இருந்தால், மாதம் 10 முதல் 15 கிலோ டிரை ஃபுட் செலவாகும். சின்ன நாய் வளர்ப்பவருக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் கூடினாலும் பெரிதாகத் தெரியாது. பெரிய நாய் வளர்ப்பவருக்கு அதுவே மாதம் 600, 700 ரூபாய். ஆகவே மலிவானதைத் தேடுவதில் தப்பே கிடையாது. எது மலிவு என்று கணக்குப் போடும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கிலோ விலையை மட்டும் பார்ப்பது

நாய்க்கு வேண்டியது கலோரி. ஒரு கிலோ தீவனத்தில் 3,200 கிலோ கலோரியும் இருக்கலாம், 3,900-மும் இருக்கலாம் (கிலோ கலோரியைத்தான் இங்கே சுருக்கமாகக் கலோரி என்கிறோம்). கலோரி குறைந்த தீவனத்தைக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், பை சீக்கிரம் காலியாகும்.

கலோரி அளவைப் பல கம்பெனிகள் பையில் அச்சிடுவதில்லை. நாமே கணக்குப் போட்டுவிடலாம். பையின் பின்பக்கம் உள்ள சத்துப் பட்டியலில் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாதுக்கள்) ஆகிய ஐந்தையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மாவுச்சத்து கிடைக்கும். சாம்பல் அளவு போடவில்லை என்றால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புரதத்தை 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும், மாவுச்சத்தை 3.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வருவது 100 கிராமுக்கான கலோரி.

ஒரு பையில் புரதம் 22, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் 8 என்று இருக்கிறது. மாவுச்சத்து 45. கணக்குப் போட்டால் 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி. விலை கிலோ 200 ரூபாய். இன்னொரு பையில் புரதம் 26, கொழுப்பு 16, நார் 3, ஈரம் 9, சாம்பல் 7. மாவுச்சத்து 39. இதில் 100 கிராமுக்கு 364 கலோரி, விலை கிலோ 240 ரூபாய். கடையில் பார்க்கும்போது இரண்டாவது பை 20% அதிக விலை.

இப்போது நாயின் தேவைக்கு வருவோம். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதே எண்ணால் மூன்று முறை வருமாறு பெருக்குங்கள். பிறகு கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். 30 கிலோ நாய்க்கு 30 × 30 × 30 = 27,000, இரண்டு வர்க்கமூலத்துக்குப் பின் 12.8. அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 900. இது நாய் சும்மா படுத்திருக்கவே ஆகும் கலோரி. கருத்தடை செய்த, ஓரளவு நடமாடும் நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்க வேண்டும், 1,440 வரும். நாளெல்லாம் கட்டிக் கிடக்கும் நாய்க்கு 1.3, 1.4 போதும்.

1,440 கலோரிக்கு முதல் பையில் 450 கிராம், 90 ரூபாய். இரண்டாவதில் 396 கிராம், 95 ரூபாய். கிலோவில் 40 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு 5 ரூபாய்தான். மாதம் 150 ரூபாய்க்கு நல்ல புரதமும் கொழுப்பும் கிடைக்கிறது, கொல்லையில் அள்ளும் மலமும் குறைகிறது. எல்லா ஜோடிப் பைகளும் இப்படி அமையாது. சிலவற்றில் விலை கூடியதற்கு ஏற்ற கலோரியோ புரதமோ பெயருக்கும் இருக்காது. ஒரு நாள் செலவைப் போட்டுப் பார்க்காமல் இது தெரியவே தெரியாது.

டம்ளரில் அள்ளிப் போடுவது

பெரிய நாய் வீடுகளில் பணம் அதிகமாக வீணாவது இங்கேதான். ஒரு பிராண்டின் உருண்டை கனமாக இருக்கும், இன்னொன்று பொரி மாதிரி உப்பியிருக்கும். அதே எவர்சில்வர் டம்ளரில் ஒன்று 90 கிராம் பிடித்தால் மற்றொன்று 120 கிராம் பிடிக்கும். தலைதட்டி ஒருவர் போடுவார், குவித்து இன்னொருவர் போடுவார். சமையலறைத் தராசில் ஒரே ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, டம்ளரில் அந்த அளவுக்குப் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். பிராண்டு மாற்றினால் கோட்டையும் மாற்ற வேண்டும்.

பையில் அச்சிட்ட அளவு அட்டவணையை அப்படியே பின்பற்றுவதும் சரிவராது. அது பெரும்பாலும் நன்றாக ஓடியாடும் நாய்க்கான கணக்கு. மேலே சொன்னபடி நீங்களே கணக்கிடுங்கள், அல்லது அட்டவணையைவிட 10 முதல் 15% குறைத்துத் தொடங்குங்கள். அட்டவணையில் பார்க்க வேண்டியதும் நாய் இருக்க வேண்டிய எடை. 38 கிலோவுக்கு ஊதிப்போன லாப்ரடாருக்கு 38 கிலோ வரிசையைப் பார்த்துப் போட்டால் அது 38-லேயே நிற்கும், அல்லது ஏறும்.

அளவு சரியா என்று பார்க்கக் கையே போதும். உங்கள் கையை நீட்டிப் புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலாவைத் தடவும்போது அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. கையை மடக்கினால் துருத்தும் முட்டி மாதிரி இருந்தால் மெலிவு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு கண்ணுக்கே தெரிவது இயல்பு. 'இளைச்சுப் போச்சே' என்று அவற்றைக் கொழுக்க வைப்பது பெரிய கெடுதல்.

அளவைக் குறைப்பது கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்க வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. நாய்களை ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒரு நாய் சாப்பிட்டதைவிட 25% குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

குட்டிக்குக் கால்சியம் டானிக்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நன்றாக வளர்ந்த நாய், தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைக் குடலிலேயே தடுத்துவிடும். சுமார் 6 மாதம் வரையிலான குட்டியால் அப்படித் தடுக்க முடியாது. உணவில் வருவதில் பெரும்பகுதியை உடம்பு இழுத்துக்கொள்ளும். பெரிய இனக் குட்டி வேகமாக வளரும்போது இப்படிக் கால்சியம் மிஞ்சினால், மூட்டுக் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் பிளவுபடும், கால் எலும்புகள் கோணும். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடிய குட்டிக்கு, வேகமான வளர்ச்சியும் உடற்பருமனும் அதை மோசமாக்கும்.

நடப்பதோ நேர் எதிர். குட்டியின் முன்னங்கால் லேசாக வளைந்தால் 'கால்சியம் பத்தவில்லை' என்று டானிக் பாட்டில், அதோடு பால், அதோடு முட்டை ஓட்டுப் பொடி. கணக்கைப் பாருங்கள். 15 கிலோ எடையுள்ள 4 மாதக் குட்டி ஒரு நாளைக்கு 350 கிராம் பப்பி ஃபுட் சாப்பிடுகிறது, அதில் கால்சியம் 1.4% என்றால் 4.9 கிராம் கிடைத்துவிடுகிறது. அந்த 350 கிராமில் சுமார் 1,260 கலோரி, ஆக ஆயிரம் கலோரிக்கு 3.9 கிராம் கால்சியம். அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ பெரிய இனக் குட்டிகளுக்கு வகுத்த எல்லை, ஆயிரம் கலோரிக்குக் குறைந்தது 3, அதிகபட்சம் 4.5 கிராம். எல்லாம் சரியாக இருக்கிறது. இதில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம், முட்டை ஓட்டுப் பொடி சேர்த்தால் இன்னும் 1.9 கிராம் கால்சியம் ஏறி, ஆயிரம் கலோரிக்கு 5.4 ஆகிவிடும். டானிக் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

சோறும் பாலும், அல்லது எலும்பில்லாத கறியும் மட்டுமே சாப்பிட்டு வளரும் குட்டிக்குக் கால்சியம் உண்மையிலேயே பற்றாமல் போகும். அதற்கு மருத்துவர் எழுதித் தருவது வேறு விஷயம். முழுமையான பப்பி ஃபுட் சாப்பிடும் குட்டிக்குக் கால் வளைந்தால் டானிக் வாங்காமல் எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.

வாங்கும்போது பையில் பார்க்க வேண்டியது இது. வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது 32 கிலோ தாண்டும் இனங்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற பொருளில் ஆஃப்கோ வாசகம் இருந்தால் நல்லது. ஆஃப்கோ எந்தத் தீவனத்தையும் சோதிப்பதோ அங்கீகரிப்பதோ இல்லை, அளவுகோல் வகுப்பது மட்டுமே அதன் வேலை. அதனால் 'ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது' என்று விளம்பரம் பேசினால் உஷாராகுங்கள். வாசகம் இல்லாத பையில் கால்சியம் 1.1 முதல் 1.6 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்ச அளவை மட்டும் போட்டிருந்தால், உள்ளே உண்மையில் எவ்வளவு என்று கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கேளுங்கள். பதில் சொல்லாத கம்பெனியின் பையைப் பெரிய இனக் குட்டிக்கு வாங்க வேண்டாம். லாப்ரடாருக்கு 12 முதல் 15 மாதம் வரையிலும், கிரேட் டேனுக்கு 18 மாதத்துக்கு மேலும் பப்பி ஃபுட் தேவை. வளர்ந்த நாய் தீவனம் விலை குறைவு என்று 5 மாதத்திலேயே மாற்றுவது மிச்சமாகாது.

முன்பக்கப் படத்தை நம்புவது, புரத எண்ணை மட்டும் நம்புவது

பையின் முன்னால் வறுத்த கோழி படம் இருக்கும். பின்னால் பட்டியலில் முதலில் 'தானியங்களும் தானிய உபபொருட்களும்' என்று இருக்கும். பொருட்களை எடை வரிசையில்தான் எழுதுவார்கள். ஆனால் அரிசி, குருணை, அரிசித் தவிடு என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிக் கோழி மேலே ஏறிவிடும். கோழியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பச்சைக் கோழிக்கறியில் ஏறக்குறைய 70% தண்ணீர், காயவைத்தால் எடையில் அவ்வளவும் போய்விடும். 'சிக்கன் மீல்' ஏற்கெனவே தண்ணீர் வற்றிய பொடி. முதலிடத்தில் சிக்கன் மீல் இருக்கும் சாதாரணப் பை, முதலிடத்தில் 'ஃபிரெஷ் சிக்கன்' இருக்கும் விலையுயர்ந்த பையைவிட அதிக இறைச்சிப் புரதம் தரக்கூடும். சாம்பல் 10% தாண்டினால் அந்த மீலில் எலும்பு அதிகம் என்று அர்த்தம்.

புரத அளவு எண்ணும் முழு உண்மை சொல்வதில்லை. ஆய்வகத்தில் அளப்பது நைட்ரஜனை, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். 2007-ல் அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து துடித்தது இந்தப் பொத்தலால்தான். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் கூடுதலாகக் காட்ட, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள்.

அதேசமயம் 32, 35% புரதம் என்று எழுதிய பைக்கு இரட்டை விலை கொடுக்கவும் தேவையில்லை. வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோவின் குறைந்தபட்சம், ஈரம் நீக்கிய கணக்கில் 18%. வீட்டு நாய்க்கு 22 முதல் 26% தாராளம். தானியமே இல்லாதது என்ற பெயரில் பட்டாணி, பருப்பு நிரப்பிய விலையுயர்ந்த பைகளும் அவசியமற்றவை. அத்தகைய உணவுக்கும், இதயத் தசை தளர்ந்து இதயம் பெரிதாகும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ விசாரணை தொடங்கியது. முடிவான காரணம் நிரூபணமாகவில்லை. ஆனால் அரிசியும் சோளமும் வேக வைத்தால் நாய்க்கு நன்றாகவே செரிக்கும், அப்புறம் ஏன் கூடுதல் காசு?

சோற்றையும் சேர்த்துப் போடுவது

சோறு கலப்பது செலவைக் குறைக்கும், அதைத் தவறென்று சொல்ல மாட்டோம். டிரை ஃபுட்டைக் குறைக்காமல் கலப்பதுதான் தவறு. 300 கிராம் சோறு சுமார் 390 கலோரி, 30 கிலோ நாயின் தேவையில் கால்வாசிக்கு மேல். கூடவே நாளுக்குப் பத்து பிஸ்கட் என்றால் இன்னொரு 200 கலோரி. சோறு, பிஸ்கட், தின்பண்டம் எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10% மட்டும் இருந்தால் தீவனத்தின் சத்துச் சமநிலை கெடாது. 30 கிலோ நாய்க்கு அது 140 கலோரி, ஏறக்குறைய 100 கிராம் சோறு. பாலில் ஊறவைத்துப் போட வேண்டாம், பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கு பிடிக்கும். வெந்நீர் போதும்.

பெரிய பை, லூஸ் தீவனம்

20 கிலோ பை கிலோவுக்கு மலிவுதான். ஒரே நாய்க்கு நாளுக்கு 400 கிராம் என்றால் அது 50 நாள் ஓடும். பை பிரித்த நாளிலிருந்து நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் உருண்டையின் மேலே தெளித்த கொழுப்பு கெடத் தொடங்கும். நான்கைந்து வாரத்துக்குள் தீர்ந்துவிடும் அளவில் வாங்குங்கள், ஒரு நாய்க்கு 10 முதல் 12 கிலோ. இரண்டு வீட்டார் சேர்ந்து பெரிய பை வாங்கிப் பிரித்த அன்றே பங்கிட்டுக்கொள்வதும் நல்ல வழி.

பிளாஸ்டிக் டிரம்மில் நேராகக் கொட்டாதீர்கள். சுவரில் ஒட்டிய பழைய கொழுப்பு சிக்கு வாடை பிடித்து, புதுத் தீவனத்தையும் கெடுக்கும். பையோடு டிரம்மில் வைத்து வாயைச் சுருட்டிக் கிளிப் போடுங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் கையில் இருக்கும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் திடீரென முகர்ந்துவிட்டு நகர்ந்தால், முதலில் நீங்கள் முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை வந்தால் அந்தப் பையை விட்டுவிடுங்கள்.

கடையில் மூட்டையிலிருந்து லூஸாக நிறுத்துத் தருவதை எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். மூட்டை எப்போது பிரித்தது என்றே தெரியாது. ஈரம் பட்ட சோளத்தில் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் அஃப்லடாக்சின் கல்லீரலை அழிக்கும், வேக வைத்தாலும் போகாது, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

மாற்றும்போதும் போடும்போதும்

புதுத் தீவனத்தை முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு, அடுத்து அரைப் பங்கு, அடுத்து முக்கால் பங்கு என்று 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றி, பேதி வந்ததும் 'இந்த பிராண்டு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நல்ல தீவனத்தைக் கைவிட்டவர்கள் நிறைய. தோலும் முடியும் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆறேழு வாரம் பொறுக்க வேண்டும். தீவனத்தில் ஈரம் 10% தான் என்பதால் 30 கிலோ நாய்க்கு நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டாகப் பிரியுங்கள். அவசரமாக விழுங்கும் நாய்க்குப் பெரிய தட்டில் பரப்பிப் போடுங்கள். உயரமான ஸ்டாண்டில் கிண்ணம் வைத்தால் நல்லது என்று விற்கிறார்கள். அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு அதற்கு மாறாக, உயர்த்திய கிண்ணத்தில் இரைப்பை முறுக்கு ஆபத்து கூடுவதாகக் கண்டது. நெஞ்சு ஆழமான பெரிய இனங்களில் வரும் இந்த முறுக்கு சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். சாப்பிட்டபின் வயிறு மத்தளம் போல உப்பி, நாய் நிலைகொள்ளாமல் அலைந்து, ஓங்கரித்தும் வாந்தி வராமல் நுரை மட்டும் வந்தால், ராத்திரி 2 மணியானாலும் அப்போதே வண்டியில் ஏற்றி, அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.