பழைய காரைக் கையால் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ மொரிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயச் சிறு காரை எடுத்துத் தன் விருப்பப்படி கட்ட நினைப்பவருக்குக் கைத்திறனுக்குப் பஞ்சம் இல்லை. நெல் ஆலையில் உடைந்த சாமானுக்கு மாற்றுச் செய்து கொடுக்கும் லேத்காரர், உழவு இயந்திரத்துக்குப் பெட்டி கட்டும் வெல்டிங்காரர், பஸ் பொடி (உடற்கூடு) தட்டிப் பழகிய டிங்கரிங்காரர் என்று கல்முனை, சம்மாந்துறை, காத்தான்குடிப் பக்கம் தேடினால் ஆள் கிடைக்கும். இலங்கையில் செய்த மொரிஸ் மைனர் தகடுகள் 1990களில் இங்கிலாந்துக்கே போயின. திறமை இருக்கிறது. எதைக் கையால் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவதால்தான் கார் கெடுகிறது.

நான் சொல்லும் கணக்கு இதுதான். பிழைத்தால் பார்க்க அவலட்சணமாக இருக்கும், அவ்வளவுதான் என்றால் அந்தப் பாகத்தைத் துணிந்து கையால் செய்யுங்கள். பிழைத்தால் ஆள் சாகும் என்றால் காசைச் சேர்த்து வாங்குங்கள்.

மட்காட், பொனட், தரைத்தகடு, டாஷ்போர்ட், பம்பர் தாங்கி எல்லாம் முதல் வகை. ஸ்டியரிங் கை, அச்சு முனை, பிரேக் பாகங்கள் இரண்டாம் வகை. மைனரின் முன்சில்லைத் தாங்கும் கிங்பின்னின் இரு முனையிலும் மரை இருக்கும். அதில் ட்ரனியன் என்ற துண்டு திருகியிருக்கும். கிரீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால் ஒருநாள் கீழ் ட்ரனியன் கழன்று, சில்லு மடிந்து காருக்குள் போய்விடும். அதை லேத்தில் கடைந்து தருகிறோம் என்று சொல்பவர் இருக்கிறார். பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும். ஆனால் என்ன உலோகம், மரை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. வேண்டாம். அதேபோல, காய்ச்சி அடித்துச் செய்த உருக்குப் பாகத்தை வெட்டி ஒட்டவே கூடாது. வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் உருக்கு நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும்.

பிரேக் குழாயில் நடப்பது இன்னும் மோசம். குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடையில் செப்புக்குழாய் மலிவு, வளைக்கவும் சுகம். அதனால் பலர் அதையே போடுகிறார்கள். வெறும் செம்பு அதிர அதிர இறுகி, கடைசியில் வெடிக்கும். மைனரின் பிரேக் ஒற்றைச் சுற்று. ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கு சில்லுக்கும் பிரேக் போய்விடும். உருக்குக் குழாயோ, பிரேக்குக்கென்றே வரும் செம்பு–நிக்கல் குழாயோ வாங்குங்கள்.

எஞ்சின் மாற்றுவோருக்கும் இது பொருந்தும். நிசான் சன்னி காரின் 1.2 லீற்றர் எஞ்சின் மைனருக்குள் நன்றாகவே உட்காரும். ஆனால் 948 சீசீ மைனரின் 7 அங்குல டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கூட்டினால் எப்படி நிற்கும்? 1962இல் 1098 சீசீ எஞ்சின் வந்தபோது தயாரித்தவர்களே முன் டிரம்மை 8 அங்குலமாக்கினார்கள். எஞ்சினுக்கு ஒதுக்கும் காசில் பாதியை முதலில் பிரேக்குக்கு எடுத்து வையுங்கள்.

வெட்டுவதற்கு முன்

மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. பொடிதான் சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டத்தில்தான் முதலில் கறள் விழும். இரு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தால் கார் நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுச் சட்டத்தை ஒட்டிவிட்டால் கதவு ஒருபோதும் சரியாக மூடாது. பிறகு கதவைத் தட்டி, கீலை வளைத்துப் பார்த்தாலும் பயன் இல்லை. வெட்டும் முன்பே கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டுங்கள். மூலைக்கு மூலை அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

கல்யாண ஊர்வலத்துக்கென்று கூரையை அறுத்துத் திறந்த காராக்குவது இப்போது பலருக்கும் ஆசை. தொழிற்சாலையிலிருந்தே திறந்த காராக வந்த மைனருக்குக் கீழ்ச்சட்டத்திலும் டாஷ்போர்ட் பக்கத்திலும் கூடுதல் பலம் கொடுத்திருந்தார்கள். அதைச் செய்யாமல் அறுத்த கார், பள்ளத்தில் இறங்கும்போது கதவு தானாகத் திறக்கும். கூரையைத் தாழ்த்த விரும்புவோர் முன்கண்ணாடியையும் யோசியுங்கள். 1956 வரை வந்த மைனருக்கு இரண்டு தட்டைக் கண்ணாடி. வாகனத்துக்கான லாமினேற்றட் கண்ணாடியில் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். அதன் பிறகு வந்தவற்றுக்கு வளைந்த ஒற்றைக் கண்ணாடி. அதை வெட்டித் தாழ்த்துவது மிகக் கடினம்.

தகடும் வெல்டிங்கும்

தடித்த தகடு பலமானது என்று 16 கேஜில் (கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்) மட்காட் தட்டச் சொல்வது வீண். வளையாது, பாரம், பக்கத்தில் இருக்கும் பழைய தகட்டோடு சேராது. வெளிப்பொடிக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீற்றர் போதும். பாரம் தாங்கும் இடத்துக்கு 16, 18 கேஜ். கூரைக்குப் போடும், துத்தநாகம் பூசிய நாகத்தகட்டைத் தவிருங்கள். ஒட்டும்போது வரும் நாகப்புகை காய்ச்சலில் தள்ளும்.

பெட்டி கட்டும் வெல்டிங்காரரிடம் கார் பொடியை அப்படியே ஒப்படைப்பது பொதுவாக நடக்கும் பிழை. தடித்த இரும்பில் நீளமாக ஓடவிட்டுப் பழகிய கை அது. மெல்லிய தகட்டில் நீளமாக ஓடினால் தகடு அப்பளம் போலப் பொங்கும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது தள்ளி, பிறகு நடுவில் என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு இணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூடாது. தகட்டின் மேல் தகடு ஏற்றி ஒட்டாமல் விளிம்போடு விளிம்பு சேருங்கள். ஏற்றி ஒட்டிய இடுக்கில் ஈரம் தங்கும். கடற்காற்றில் அங்கிருந்துதான் கறள் மறுபடி கிளம்பும்.

வெல்டிங்கை விட எனக்குக் கவலை தருவது உப்புதான். கல்லடிக் கடற்கரை மணல் இலவசம் என்று அதை அள்ளி, கறள் எடுக்கக் காற்றழுத்தத்தால் அடிக்கும் மணல் வீச்சுக்குப் போடுகிறார்கள். அந்த மணலோடு உப்பும் தகட்டில் ஏறுகிறது. அடிக்கிறவரின் நெஞ்சுக்குள் சிலிக்காத் தூசி போகிறது. அதனால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வந்தால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆற்று மணலாக இருந்தாலும் இந்த ஆபத்து மாறாது. கறளை அரைக்கும் சில்லு, கம்பித் தூரிகை, கறள் நீக்கும் திரவம் ஆகியவற்றால் எடுங்கள். முகமூடி இல்லாமல் நிற்க வேண்டாம்.

கடலோரக் கிணறுகளில் பலவற்றின் தண்ணீர் உவர். அதை ஊற்றிப் பட்டியை (மேடுபள்ளம் நிரப்பும் பசையை) தேய்த்தால் காய்ந்த உப்பு பெயின்ற்றுக்கு அடியில் அகப்பட்டுவிடும். சில மாதத்தில் சிறு கொப்புளங்களாக எழும்பும். பெயின்ற்றையோ அடித்தவரையோ குறை சொல்வோம். மழைத்தண்ணீரோ நல்ல குழாய்த்தண்ணீரோ பிடித்து வைத்துத் தேய்ப்பதில் என்ன சிரமம்? துப்புரவாக்கிய இரும்பை ஓர் இரவுகூட வெறுமையாக விடாதீர்கள். அன்றைக்கே எப்பொக்சி பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். பட்டி அதற்கு மேல், 3 மில்லிமீற்றருக்கு மிஞ்சாமல். வாடைக்காலத்து மாரியில் பெயின்ற் வெளிறும், கச்சான் காற்றில் தூசி ஒட்டும். பங்குனி, சித்திரையில் காலை வேளை நல்லது.

கதவின் அடியிலும் பெட்டிச்சட்டத்திலும் இருக்கும் சிறு துளைகளைப் பட்டி போட்டு அடைக்காதீர்கள். தண்ணீர் வடிய அவைதான் வழி.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். அதை மாற்றாமல் பற்றரிக்கு மின்னேற்றும் ஜப்பான் ஒல்டனேற்றரைப் பூட்டினால் அதிலுள்ள டயோட் உடனே எரியும். பழைய வயரிங்கில் இரண்டு பியூஸ்தான். முன்விளக்குக்குப் பியூஸே இல்லை. முழு வயரிங்கையும் புதிதாகப் போடுங்கள்.

பதிவுப் புத்தகம் இல்லாத காரை மலிவு என்று வாங்கிக் காசைக் கொட்ட வேண்டாம். சேசிஸ் இலக்கத் தகடு எஞ்சினுக்குப் பின்சுவரில் இருக்கும். கறள் எடுக்கும்போது அதைத் தேய்த்துவிடாமல் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். எஞ்சினோ நிறமோ மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பொடியின் வடிவத்தையே மாற்றுவதென்றால் வெட்டிய பிறகு அல்ல, வெட்டும் முன்பே போய்க் கேளுங்கள்.

எல்லாம் முடிந்த மகிழ்ச்சியில் நேராகப் பெயின்ற்றுக்குப் போவதும் தவறுதான். பிரைமரோடு காரை முழுதாகப் பூட்டி, முதலில் வீட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். பிரேக் சரி என்றால் கல்முனை வரை, பிறகு பொத்துவில் வரை. திரும்பி வந்ததும் கதவு இடைவெளியை மறுபடி அளந்து, ஒவ்வொரு வெல்டிங்கையும் விளக்குப் பிடித்துப் பாருங்கள். வெடிப்பு எங்கே வருகிறது, எந்தப் பாகம் எதில் உரசுகிறது என்பது அப்போதுதான் தெரியும். அவற்றைத் திருத்தி, கழற்றி, அதற்குப் பிறகு நிறத்தைத் தெரிவு செய்யுங்கள்.