மெல்லிய தகட்டில் புடைப்பு வேலை: முதல் மாங்காய்

மெல்லிய உலோகத் தகட்டைப் பின்பக்கத்திலிருந்து அழுத்தி, உருவத்தை முன்பக்கம் மேடாக எழுப்புவதுதான் புடைப்பு வேலை. முதல் வேலைக்கு அலுமினியத் தகடே போதும். செம்பு அழகுதான், ஆனால் விலையும் கூட, கையில் கொஞ்சம் முரண்டும் பிடிக்கும். தடிமன் 0.1 மி.மீ. இருக்கவேண்டும். கடையில் தடிமனைக் குறிக்கும் ‘கேஜ்’ எண்ணைச் சொல்லி வாங்காதீர்கள். அமெரிக்க அளவில் 38 கேஜ் என்றால் 0.1 மி.மீ.; நம் ஊரில் புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் அளவில் அதே 38 என்பது 0.15 மி.மீ. அந்தத் தகடு விரல் அழுத்தத்துக்கு எளிதில் இசையாது. சமையலறை அலுமினிய ஃபாயிலோ இதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, தொட்டதும் கிழியும்.

மற்றவை வீட்டிலேயே கிடைக்கும். கோடு இழுக்க மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, உள்ளே அழுத்த முனை மழுங்கிய மரக்குச்சி அல்லது ஸ்பூன் காம்பு, தட்டையாக்க ஐஸ்கிரீம் குச்சி. இவற்றைவிட முக்கியம் தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. கோட்டுக்கு ஐந்தாறு தாள் செய்தித்தாள், புடைக்க 5 மி.மீ. ஃபோம் ஷீட் (பழைய யோகா பாயும் ஆகும்), தட்டையாக்க கண்ணாடி அல்லது வழவழப்பான டைல்ஸ் என மூன்று தளங்களும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

12 செ.மீ. சதுரமாகத் தகட்டை வெட்டி, நான்கு மூலைகளையும் நறுக்கி, ஓரத்தில் 1 செ.மீ. பின்பக்கம் மடித்து அழுத்துங்கள். வெட்டிய விளிம்பு பிளேடு போல. மடிக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. பட்டர் பேப்பரில் 6 செ.மீ. உயர மாங்காய் வடிவம் ஒன்றை வரைந்து, தகட்டின் முன்பக்கம் ஒட்டி, செய்தித்தாள்மேல் வைத்துப் பேனாவால் ஒரே சீராக இழுங்கள். பின்பக்கத்திலிருந்து வரைவதாக இருந்தால் வடிவம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்க வேண்டும்.

இப்போது தகட்டைத் திருப்பி ஃபோம்மேல் வையுங்கள். கோட்டுக்கு உள்ளே, மரக்குச்சியால் சிறுசிறு வட்டமாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேயுங்கள். அரை மி.மீ. இறங்கினால் போதும், நிறுத்துங்கள். மறுபடி திருப்பிக் கண்ணாடிமேல் வைத்து, கோட்டுக்கு ஒட்டி வெளியே பேனாவை ஓட்டி, சுற்றியுள்ள பரப்பை ஐஸ்கிரீம் குச்சியால் நன்றாகத் தேய்த்துப் படியவையுங்கள். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நான்கைந்து முறை செய்தால் 2 மி.மீ. புடைப்பு வரும். தொடக்கத்தில் அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். புடைப்பு எடுப்பாகத் தெரிவதில் பாதிப் பங்கு சுற்றுப்பரப்பின் தட்டைக்கு உண்டு. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான்.

தகடு கிழிந்தால் காரணம் ஒன்றே: ஒரே இடத்தில் ஒரே மூச்சில் அழுத்தியது. உலோகம் எங்கிருந்தும் கூடுதலாக வருவதில்லை. இருப்பதுதான் மெலிந்து நீள்கிறது, நீள நீள விறைக்கவும் செய்கிறது. செம்பு விறைத்தால் இடுக்கியில் பிடித்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் அடுப்புத் தீயில் மங்கலாகச் சிவக்கும்வரை காட்டித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். கறுப்பைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து எடுக்கலாம். அலுமினியத்தைத் தீயில் காட்டாதீர்கள். அது சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரியில் நேராக உருகிவிடும். புடைப்பைச் சுற்றிக் கதிர்போலச் சுருக்கம் விழுந்தால், இடையிடையே சுற்றுப்பரப்பைத் தட்டையாக்காமல் தொடர்ந்து அழுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.

உருவம் வந்தபின் ஓரத்து முத்துப் புள்ளிகளைப் பின்பக்கத்திலிருந்து செய்தித்தாள்மேல் குத்துங்கள். பிறகு பள்ளத்தை நிரப்பவேண்டும். நிரப்பாத புடைப்பு ஒரு விரல் பட்டாலே அமுங்கிப்போகும். தஞ்சாவூர்க் கலைத்தட்டிலும் புடைப்புத் தகட்டின் பின்னால் மெழுகுக் கலவை உண்டு. மெழுகுவத்தித் துண்டுகளைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீ ஆபத்து. முன்பக்கம் நசுங்காமல் தகட்டை மணல்மேல் கவிழ்த்து ஊற்றுங்கள். ஆறும்போது நடு குழியும், அதனால் இரண்டாம் முறையும் ஊற்றி, உபரியைச் சுரண்டிச் சமமாக்குங்கள். வெயில் படும் சுவரில் மாட்டுவதாக இருந்தால் மெழுகு இளகும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நல்லது. மாங்காயின் உள்வரிகளை முன்பக்கம் கீறுவது இந்த நிரப்பலுக்குப் பிறகுதான். அடியில் தாங்கல் இருப்பதால் கோடு ஆழமாக விழும், புடைப்பும் சரியாது.

நிறத்துக்கு, தகட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு போக்கி, கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் பூசி, இரண்டு மூன்று நிமிடத்தில் துணியால் மேடுகளை மட்டும் துடைத்தெடுங்கள். பள்ளத்தில் தங்கும் கறுப்புதான் உருவத்தைத் தூக்கிக் காட்டும். செம்பு என்றால், அவித்த முட்டை மஞ்சள்கருவை நசுக்கி மூடிய டப்பாவில் தகட்டோடு ஓரிரவு வைத்தாலே கருமை ஏறும். மஞ்சள்கரு தகட்டில் படவேண்டாம், அதன் கந்தக ஆவியே போதும்.

பலகையில் ஒட்ட ரப்பர் பசை எடுங்கள். வெள்ளைப் பசை உலோகத்தில் சரியாகப் பிடிக்காது. மெழுகின்மேல் எந்தப் பசையும் நிற்காது என்பதால் தட்டையான பகுதியிலும் மடித்த ஓரத்திலும் மட்டும் தடவுங்கள்.