கடைக்கும் வீட்டுக்கும் சிசிடிவி கேமரா பொருத்துவது எப்படி? திருநெல்வேலி வட்டார அனுபவத்திலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

சிசிடிவி தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேமராவின் விலையையும் மெகாபிக்சல் எண்ணையும் வைத்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். கடையிலோ வீட்டிலோ ஏதாவது காணாமல் போன நாளில், அன்றைய பதிவு இருக்க வேண்டும். அதில் வந்தவர் யாரென்று தெரியவும் வேண்டும். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது இந்த இரண்டுக்காகத்தான். எனவே பின்வரும் ஒவ்வொரு படியையும் அந்த ஒரு நாளை மனத்தில் வைத்தே விளக்குகிறேன். பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ நீங்கள் முதலில் ஏற்கும் வேலை பெரும்பாலும் நான்கு கேமராக்களும், அவற்றின் படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் என்னும் பெட்டி ஒன்றும் கொண்டதாகவே இருக்கும் என்பதால், அந்த அளவையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதல் படி: இடத்தை இரண்டு முறை பாருங்கள்

பகலில் ஒரு முறையும் விளக்கு வைத்த பிறகு ஒரு முறையும் இடத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கு பார்த்த கடையில் காலை வெயில் வாசல் வழியாக நேரே உள்ளே விழும்; அப்போது உள்ளே வருபவரின் முகம் கறுத்துப் போய், அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள தெரு மட்டுமே தெளிவாகப் பதியும். இத்தகைய வாசலுக்கு, வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்துச் சமன் செய்யும் டபிள்யூடிஆர் வசதி உள்ள கேமரா வேண்டும். அல்லது கேமராவைப் பக்கச் சுவருக்கு மாற்ற வேண்டும். மாலையில் பார்த்தால்தான் தெருவிளக்கு எரிகிறதா, எதிர்க்கடைப் பலகையின் வெளிச்சம் லென்சில் அடிக்கிறதா என்பது தெரியும்.

பிறகு, ஒவ்வொரு இடத்திலும் எது தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதுமா, முகம் தெரிய வேண்டுமா, கல்லாவில் எண்ணும் நோட்டு தெரிய வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று வகையான லென்சு தேவைப்படும். முன்பின் அறியாத ஒருவரைப் பதிவில் பார்த்து அடையாளம் சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலமுடையது. அதை 250 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.7 மீட்டர் வருகிறது. அதாவது கேமராவில் விழும் காட்சியின் அகலம் 7.7 மீட்டருக்குள் இருக்கும் தொலைவு வரையில்தான் முகம் அடையாளம் காணும்படி பதியும். 2.8 மில்லிமீட்டர் லென்சு ஏறத்தாழ 100 பாகைக்கு விரிந்து பார்ப்பதால், மூன்று மீட்டரைத் தாண்டும்போதே அந்த அகலம் கடந்துவிடுகிறது. 6 மில்லிமீட்டர் லென்சு குறுகலாகப் பார்ப்பதால், அதில் ஏழு மீட்டர் வரை முகம் கிடைக்கும். முற்றம் முழுவதும் தெரிகிறதே என்று எல்லா இடத்திலும் 2.8 பொருத்திவிட்டால், திருடன் வந்ததும் போனதும் பதிவாகும், ஆனால் அவன் யாரென்று சொல்ல முடியாது. வாசலுக்கு மட்டுமாவது ஒரு 6 மில்லிமீட்டர் லென்சை, எட்டு முதல் பத்தடி உயரத்துக்குள் வையுங்கள். அதைவிட மேலே ஏற்றினால் தலையும் தொப்பியும்தான் பதியும்.

அண்டை வீட்டுச் சன்னல், குளியலறை வாசல், துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறை ஆகிய எதுவும் காட்சிக்குள் வரக் கூடாது. வாடிக்கையாளரே வற்புறுத்தினாலும் இதை மறுத்துவிட வேண்டும். பெண்களை அவ்வாறு மறைவாகப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி குற்றம்.

இரண்டாம் படி: கருவிகளையும் ஹார்டு டிஸ்கையும் தேர்ந்தெடுத்தல்

ஒரே கட்டடத்துக்குள் நான்கு கேமராக்கள் என்றால், படத்துக்கு ஒன்றும் மின்சாரம் முதலியவற்றுக்கு மூன்றுமாகக் கம்பிகள் சேர்ந்த 3+1 கேபிளில் ஓடும் எச்டி கேமராவும் டிவிஆரும் செலவு குறைந்தவை. பழுது பார்ப்பதும் எளிது. நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கேமராவுக்கு ஒரே கேட்6 கேபிளில் படமும் மின்சாரமும் சேர்ந்து போகும் என்றாலும், நெட்வொர்க் சுவிட்சிலிருந்து கேமரா வரை 100 மீட்டருக்கு மேல் அந்தக் கேபிளை இழுக்கக் கூடாது. வாங்கும் கேமரா எதுவாயினும் பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் முதல், இங்கே சந்தைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு வகுத்துள்ள பாதுகாப்புச் சோதனைகளிலும் தேறியிருக்க வேண்டும்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதை வாயால் சொல்லாமல் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா, ஒரு நாளைக்கு 21.6 ஜிபி எடுத்துக்கொள்ளும். நான்கு கேமராக்களுக்கு 86.4 ஜிபி. எனவே 1 டிபி டிஸ்கில் பதினோரு நாள் பதிவுதான் நிற்கும். பன்னிரண்டாம் நாள் பதிவு முதல் நாளின் மேல் எழுதப்படும். முப்பது நாள் வேண்டுமென்றால் 2,592 ஜிபி தேவை. படத்தை மேலும் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் பதிந்தால் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பதால், 2 டிபி டிஸ்க் போதுமானதாக இருக்கும். கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்கைப் போடாதீர்கள். இரவும் பகலும் ஓயாமல் எழுதுவதற்கென்றே டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற டிஸ்குகள் தனியாகக் கிடைக்கின்றன.

அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம் என்பார்கள். வீட்டுக்குள்ளே அது சரி. ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி ஆடியில் அடிக்கும் காற்றில், வாழை இலையும் தென்னை மட்டையும் நொடிக்கு நொடி அசைந்துகொண்டே இருக்கும். தோட்டத்துக் கேமரா இருபத்து நான்கு மணி நேரமும் பதிந்து தீர்க்கும். மிச்சம் என்று நம்பியது அங்கே கிடைக்காது.

மூன்றாம் படி: கேபிள் இழுத்தலும் மின்சாரமும்

அழைத்துச் சொல்லப்படும் பழுதுகளில் பெரும்பாலானவை கேமராவில் இருப்பதில்லை; கேபிளிலும், அதன் இரு முனைகளிலும், கேமராக்களுக்கு 12 வோல்ட் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலும்தான் இருக்கின்றன. ஆகையால் இந்தப் படியில் அவசரப்படக் கூடாது.

மேலப்பாளையத்தில் ஒரு மளிகைக் கடைக்கு, வேறொருவர் பொருத்திய கேமராக்களைப் பார்க்கச் சென்றிருந்தேன். "தம்பி, பகல்ல நாலும் பளிச்சுன்னு தெரியுது, பொழுது அடைஞ்சா கிட்டங்கி கேமரா மட்டும் அணைஞ்சு அணைஞ்சு எரியுது, என்னன்னு பாரும்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. கிட்டங்கி என்பது சரக்கு வைக்கும் அறை. ஏற்கெனவே கேமராவை ஒரு முறை மாற்றியும் பயனில்லை. நான் ஏணியில் ஏறி, கேமராவின் டிசி பின்னைப் பாதி கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். பகல் நேரத்தில் 10.4 வோல்ட் காட்டியது. பிறகு கேமராவின் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடினேன். இருட்டிவிட்டது என்று எண்ணி உள்ளிருக்கும், இருட்டில் படம்பிடிக்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரிந்தன; மீட்டர் 8 வோல்ட்டுக்கு இறங்கியது, படம் அணைந்தது.

காரணம் எளிய ஓம் விதிதான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கிட்டங்கி வரை மெல்லிய கம்பியில் மின்சாரம் போய்த் திரும்பும் பாதையின் மின்தடை 8 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் எடுக்கும்போது வழியில் 1.6 வோல்ட் இழப்பாகிறது. இரவில் ஐஆர் விளக்குகளும் சேர்ந்து 0.5 ஆம்பியர் எடுக்கும்போது 4 வோல்ட் இழப்பாகி, 12 வோல்ட்டில் 8 மட்டுமே கேமராவைச் சேர்கிறது. கிட்டங்கியிலேயே ஒரு பிளக் பாயிண்ட் இருந்ததால், அங்கே தனி 12 வோல்ட் அடாப்டர் வைத்ததும் பழுது தீர்ந்தது. நீங்கள் கேபிள் வாங்கும்போதே முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி விலை குறைவு, ஆனால் தடை அதிகம். தொலைவில் உள்ள ஒவ்வொரு கேமராவையும் கறுப்புத் துணியால் மூடி, ஐஆர் எரியும் நிலையில் வோல்ட் அளந்து குறித்துக்கொண்ட பிறகே ஏணியை விட்டு இறங்குங்கள்.

கேபிளை மின்சார வயர் போகும் அதே பைப்பில் கொண்டுபோகக் கூடாது. கேபிளின் இரு நுனியிலும் மாட்டும் பிஎன்சி முனையில் மேல்வலைக் கம்பியின் ஒரு இழையாவது நடுக்கம்பியைத் தொட்டால் படம் வராது. இழைகளை முறுக்கி ஒதுக்கி, திருகை இறுக்கிய பின் இலேசாக இழுத்துப் பாருங்கள். வெளியே உள்ள இணைப்புகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கேமரா பாக்சுக்குள் இருக்க வேண்டும். டேப் சுற்றிச் சுவரில் தொங்கவிட்டால் ஐப்பசி மழையில் பச்சை பூத்துவிடும். பாக்சுக்குள் நுழையும் முன் கேபிளை ஓர் அரை வட்டமாகக் கீழே இறக்கி மேலேற்றுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

வீட்டுக்கும் பின்கட்டு மாட்டுத் தொழுவத்துக்கும் வெவ்வேறு மின் இணைப்பு இருந்தால், திரையில் கிடைமட்டப் பட்டைகள் மெல்ல மேலேறுவதைக் காணலாம். இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையிலான வேறுபாடு கேபிள் வலை வழியாக ஓடுவதால் இது நேர்கிறது. கேமரா உடம்பு இரும்புக் கம்பத்தைத் தொடாமல் இடையில் ஒரு பிளாஸ்டிக் அல்லது மரப்பலகை கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

நான்காம் படி: கேமராவையும் டிவிஆரையும் பொருத்துதல்

வெளியே, தூசும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி66 அல்லது ஐபி67 தரமுள்ள, குழல் வடிவ புல்லட் கேமரா வேண்டும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் சாதாரண இரும்புத் திருகு உப்புக் காற்றில் விரைவில் துருவேறிவிடும். எவர்சில்வர் திருகையே பயன்படுத்துங்கள். காற்று மிகுந்த ஊர்களில் மெல்லிய கம்பத்தின் உச்சியில் கேமராவை வைத்தால் படம் நடுங்கும். சுவர் இருந்தால் சுவரே நல்லது. ட்யூப்லைட்டின் அருகே கேமரா வைத்தால் பூச்சி கூடும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்து வலை பின்னும். இரவில் ஐஆர் வெளிச்சம் பட்டு அந்த வலை வெண்மையாக மின்னி, பின்னால் உள்ள காட்சியை முழுக்க மறைத்துவிடும்.

டிவிஆரைத் தரையிலோ மேசையின் கீழோ வைக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டு, திருநெல்வேலி சந்திப்புப் பகுதித் தெருக்களுக்குள் புகுந்ததை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தலை உயரத்துக்கு மேல், காற்றோட்டமுள்ள ஒரு ரேக்கில், பூட்டு வைத்து, கல்லாவுக்கு அருகில் இல்லாத இடத்தில் அதை வைப்பது வழக்கமாக இருக்கட்டும். டிவிஆர், எஸ்எம்பிஎஸ், ரவுட்டர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணையுங்கள். கரண்ட் போன நேரம்தான் திருடனுக்கு வசதியான நேரம்.

ஐந்தாம் படி: அமைப்புகள்

முதலில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். 2016-இல் உலகெங்கும் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு விடப்பட்ட கேமராக்களுக்குள்ளும் டிவிஆர்களுக்குள்ளும் புகுந்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. புதிய கடவுச்சொல்லை வாடிக்கையாளரே தட்டச்சு செய்து, தாளில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்ளட்டும். அவர் வீட்டு முற்றத்தை உங்கள் கைப்பேசியில் பார்க்கும் நிலை ஒரு நாளும் இருக்கக் கூடாது. உங்கள் நேர்மையை அவர் நம்பலாம். ஆனாலும் அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் வழியை நீங்களே விட்டுவைக்கலாகாது.

அடுத்தது நேரம். நேர மண்டலத்தை 5:30 என்று வைத்து, இணையத்திலிருந்து நேரம் தானாகச் சரியாகும்படி அமையுங்கள். ஹார்டு டிஸ்கை டிவிஆரிலேயே ஃபார்மட் செய்து, பதிவு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றுங்கள்.

ஆறாம் படி: ஒப்படைத்தல்

வீட்டுக்காரரை அருகில் உட்கார வைத்து, பத்து நிமிடத்துக்கு முந்தைய பதிவை அவர் கையாலேயே தேடி எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரியவர்கள் மட்டும் வாழும் வீடுகள் இவ்வட்டாரத்தில் மிகுதி. மகன் துபாயிலிருந்து நேரலையில் பார்ப்பார், ஆனால் பழைய பதிவை எடுக்க அம்மாவுக்குத் தெரியாது. அத்தகைய வீட்டில் எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ரேக்கின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

பின்னாளில் அழைப்பு வந்தால்

வண்டியை எடுக்கும் முன் கேள்வி கேட்டுப் பழுதைப் பிரித்தறியலாம். நான்கு கேமராக்களும் ஒரே நேரத்தில் போயின என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் போயிற்று என்றால், அதன் பிஎன்சியை, டிவிஆரில் நன்றாக ஓடும் வேறொரு கேமராவின் துளையில் மாற்றிச் செருகச் சொல்லுங்கள். அங்கே படம் வந்தால் டிவிஆரின் முந்தைய துளையில் பழுது, வராவிட்டால் கேபிளிலோ கேமராவிலோ பழுது. டிவியில் தெரிகிறது, கைப்பேசியில் தெரியவில்லை என்றால் இணைய இணைப்பைப் பாருங்கள். டிவிஆர் விட்டுவிட்டு ஒலி எழுப்புகிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் கெட்டிருக்கும். அதற்கு மட்டும் அன்றே போக வேண்டும், ஏனெனில் நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவு நின்று போயிருக்கும்.

திருட்டு நடந்ததாக அழைத்தால், எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டுச் செல்லுங்கள். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும் முன், சம்பவத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அரை மணி நேரம் பின்பு வரை உள்ள பகுதியைப் பென்டிரைவில் எடுங்கள். திரையில் உள்ள நேரத்தையும் உங்கள் கைப்பேசி நேரத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்படி, இத்தகைய மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் சாட்சியமாக்கச் சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் இது 65பி பிரிவாக இருந்தது. அச்சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் மாறிவிடும் அடையாள எண்) குறிக்க வேண்டியிருப்பதால், எடுத்த கோப்பை வெட்டவோ, படத்தின் மேல் பெயர் எழுதவோ, வாட்சாப்பில் அனுப்பிச் சுருக்கவோ கூடாது. டிவிஆர் தந்த வடிவிலேயே வைத்திருங்கள். பென்டிரைவை வேறொரு கணினியில் செருகி, முழுப் பதிவும் தடையின்றி ஓடுவதைப் பார்த்த பிறகே வாடிக்கையாளர் கையிலோ விசாரிக்கும் அதிகாரியிடமோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.