வரிவிதிப்புப் படிப்பும் வேலையும்: கிழக்கு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரிவிதிப்பைக் கணக்கீட்டுப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் என்று நினைத்துப் படிப்பதுதான் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாணவர்கள் செய்யும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளை விடுகின்றன. கூட்டுவதும் கழிப்பதும் வீதம் காண்பதும் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வரியில் சிரமம் அதற்கு முன்னரே வந்துவிடுகிறது. கைக்கு வந்த இந்தப் பணம் சட்டத்தின்படி வருமானமா? ஆமென்றால் எந்த வகை, யாருடையது, எந்த ஆண்டுக்குரியது? இவற்றுக்கு விடை தேட வேண்டிய இடம் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். அதை ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்காமல் பட்டம் பெற்று வெளியேறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்முனையில் ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரச சம்பளம். மாலையில் தனியார் வகுப்பு. வங்கியில் நிலையான வைப்பு. சம்மாந்துறையில் மனைவி பெயரில் வயல். பரீட்சை மண்டபத்தில் பலர் இந்த நான்கையும் கூட்டி, தனிநபர் நிவாரணத்தை (ஆண்டு வருமானத்தில் வரி விதிக்கப்படாத பங்கை) கழித்து, வீதத்தைப் போட்டு, இரண்டு கோடு கீறி முடித்துவிடுவார்கள். முதலில், வயல் வருமானம் அந்தத் தாளுக்குள் வரவே கூடாது. இலங்கையில் கணவனும் மனைவியும் தனித்தனி வரி செலுத்துநர்கள். வகுப்பில் வருவது வணிக வருமானம். மண்டப வாடகையும் போட்டோப் பிரதிச் செலவும் அதிலிருந்து கழியும்; மோட்டார் சைக்கிள் பெற்றோலில் வகுப்புக்காக ஓடிய பங்கு மட்டும் கழியும்; மகளின் பாடசாலைச் செலவு கழியாது. வட்டியில் 10 வீதத்தை வங்கி முன்கூட்டியே பிடித்திருக்கும். அதையும் சம்பளத்தில் பிடித்த முற்பண வரியையும் கடைசியில் கட்ட வேண்டிய தொகையிலிருந்து குறைக்க வேண்டும். இதை மறந்தால் அந்த மனிதர் ஒரே வருமானத்துக்கு இரண்டு தடவை வரி கட்டுவார்.

மனைவியின் வயலிலும் ஒரு பொறி இருக்கிறது. விளைபொருளைப் பதனிடாமல் விற்கும் விவசாயியின் இலாபத்துக்கு 2019 ஏப்ரல் முதல் ஐந்து மதிப்பீட்டாண்டுகளுக்கு (வரி கணக்கிடும் ஆண்டுகளுக்கு) விலக்களிப்பு இருந்தது. நெல்லாகவே விற்றவர் அதற்குள் அடங்குவார். அதே நெல்லை ஆலையில் குற்றி அரிசியாக விற்றவரின் கதை வேறு. நம் பக்கத்தில் வயலும் ஆலையும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது சாதாரணம். ஆகவே இது பரீட்சைக்காகப் புனைந்த சிக்கல் அல்ல. இன்றைய கேள்விக்கு அந்தக் காலாவதியான விலக்களிப்பை எழுதி வைப்பவர்களும் உண்டு.

அப்படி எழுத வைப்பது பெரும்பாலும் மூத்த மாணவர்களின் குறிப்புகள். வேறு பாடங்களுக்கு அவை பொக்கிஷமாக இருக்கலாம். வரியில் ஓராண்டு பழைய குறிப்பே ஆளைக் கவிழ்த்துவிடும். பெறுமதி சேர் வரியை (வற்) பாருங்கள்: 2019 டிசம்பரில் 8 வீதம், 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 30 இலட்சமாக இருந்து, 2023 ஜனவரியில் 12 இலட்சமாக இறங்கி, 2025 ஏப்ரலில் 18 இலட்சமாக ஏறியது. மாதம் இரண்டு இலட்சம் ரூபா சம்பளம் பெறுபவரிடம் முந்திய முறையில் மாதம் 10,500 ரூபா பிடித்தார்கள். 2025 ஏப்ரலில் அது 3,000 ரூபாவாகக் குறைந்தது. இரண்டுமே அந்தந்த ஆண்டுக்குச் சரியான விடைகள்தாம். கேள்வியில் எந்த மதிப்பீட்டாண்டு என்று பார்க்காமல் பேனாவைத் திறக்காதீர்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மறு மார்ச் 31இல் முடிகிறது என்பதும் சிலருக்கு இறுதியாண்டு வரை பதிவதில்லை.

படிமுறை வீதம் பற்றிய குழப்பம் மாணவர்களை விடப் பெரியவர்களிடம் அதிகம். "சம்பளம் கூடினால் முழுவதற்கும் கூடிய வீதம் வந்துவிடும், பதவி உயர்வே வேண்டாம்" என்று சொல்பவர்களை எந்த அலுவலகத்திலும் காணலாம். மாதம் மூன்று இலட்சம் பெறுபவரின் ஆண்டு வருமானம் 36 இலட்சம். நிவாரணம் போக மீதி 18 இலட்சம். இதில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, மிஞ்சும் 3 இலட்சத்துக்கு மட்டும் 24. ஆண்டுக்கு 2,22,000 ரூபா, மாதத்துக்கு 18,500. இதைக் கடதாசியில் எழுதி உங்கள் மாமாவுக்கு விளக்க முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பெறுமதி சேர் வரி சேர்ந்த 11,800 ரூபாப் பட்டியலில் வரி எவ்வளவு என்று கேட்டால் 11,800க்கு 18 வீதம் பார்ப்பது இன்னொரு பழைய வழுக்கல். பொருளின் விலை 10,000, அதற்குத்தான் 18 வீதம்; சரியான விடை 1,800.

திகதிகளை மனனம் செய்வது கீழான வேலை என்று விரிவுரை மண்டபத்தில் தோன்றும். வேலைக்குப் போன முதல் மாதத்தில் கேட்பது அதைத்தான். வரி கட்டும் காலாண்டுத் தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. வருமான விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். திணைக்களத்தின் மதிப்பீடு தவறென்று தோன்றினால் நிர்வாக மீளாய்வு கேட்க 30 நாட்கள் உண்டு. அதிலும் தோற்றால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. நல்ல வாதம் கையிலிருந்தும் நாள் தவறியதால் விழுந்துபோகும் வழக்கை எந்தப் பாடப்புத்தகமும் காப்பாற்றாது.

மொழி விடயத்தில் மென்மையாகச் சொல்லி பயனில்லை. தமிழில் படிப்பது விளங்கிக்கொள்ளச் சிறந்த வழி. ஆனால் தமிழோடு நின்றுவிட்டால் வேலை நின்றுவிடும். இலங்கைச் சட்டங்களின் கடைசியில் ஒரு சிறு பிரிவு இருக்கும்: சிங்கள, தமிழ்ப் பதிப்புகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்களப் பதிப்பே மேலோங்கும். பெரிய கம்பனிகளின் கணக்குகளும் கடிதங்களும் ஆங்கிலத்தில் ஓடுகின்றன. அரச சேவைக்குப் போனால் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள். முதலாம் ஆண்டிலேயே சிங்களம் தொடங்குவது நல்லது. நியமனக் கடிதம் கையில் வந்த பிறகு தொடங்குபவர்கள் படும் பாடு தெரிந்ததே.

"வரிக்கென்று தனிப் பட்டம் எங்கே இருக்கிறது?" என்று தேடி நாளைக் கடத்துவதும் வீண். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வணிக, முகாமைத்துவப் பட்டங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கைகொடுக்காதவர்களுக்கு மட்டக்களப்பு உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் கணக்கீட்டு உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. இவற்றில் வரிவிதிப்பு ஒரு பங்குதான். மீதியைத் தொழில்சார் பரீட்சைகளில் பெற வேண்டும். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அவற்றில் முதன்மையானது. பட்டம் முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடுவது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். கொழும்பு மாணவர் இரண்டையும் சேர்த்து ஓட்டி நான்கு ஆண்டு முந்திக்கொள்வதற்கு மூளை காரணமல்ல, இந்தப் பழக்கம்தான் காரணம்.

வேலை விடயத்தில் எல்லோர் கண்ணும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மேல். நல்ல வேலைதான். போட்டிப் பரீட்சைக்கு வர்த்தமானி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கும் நாளில் அனுபவம் என்ற பகுதி வெறுமையாக இருக்கும். சுங்கம், மதுவரித் திணைக்களம், பிரதேச சபையில் சோலைவரி பார்க்கும் வருமானப் பரிசோதகர், கம்பனியின் சம்பளப் பகுதி, பாசிக்குடா ஹோட்டல்களின் கணக்குப் பகுதி என்று வாசல்கள் பல. எனக்குக் கேட்டால், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு சிறிய கணக்காய்வு அலுவலகத்தில் தொடங்குவதே மேல் என்பேன். சம்பளம் சொல்லும்படி இருக்காது. ஆனால் காத்தான்குடி துணிக்கடை, அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை என்று பல தொழில்களின் கணக்கு ஒரே மேசைக்கு வரும். பெரிய நிறுவனத்தில் ஆண்டு முழுவதும் ஒரே வகை வேலையைச் செய்யும் ஆபத்து உண்டு.

இணையவழியில் வெளிநாட்டுக்கு வேலை செய்யும் இளைஞர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களின் வெளிநாட்டு நாணய வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் உச்ச வீதம் 15. பதிவு, விவரத்திரட்டு எதுவும் தெரியாத இந்தக் கூட்டம் புதிதாகப் படித்து வருபவருக்கு நேரே கிடைக்கும் வாடிக்கையாளர்கள். வளைகுடாவிலும் இடம் திறந்திருக்கிறது: ஐக்கிய அரபு இராச்சியமும் சவூதி அரேபியாவும் 2018 ஜனவரியில் 5 வீதப் பெறுமதி சேர் வரியைத் தொடங்கின, சவூதி 2020 ஜூலையில் அதை 15 வீதமாக்கியது. ஒன்று மட்டும்: இங்கே படித்த சட்டம் அங்கே செல்லாது. வாங்கும்போது கட்டும் உள்ளீட்டு வரி, விற்கும்போது அறவிடும் வெளியீட்டு வரி என்ற தத்துவம்தான் கூட வரும்.

கடைசியாக, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்று. இது சிறிய ஊர். நீங்கள் கணக்குப் பார்க்கும் கடைக்காரர் உங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனாக இருப்பார். அவருக்குப் போட்டியான கடைக்காரர் அப்பாவின் நண்பராக இருப்பார். "தம்பி, அவருக்கு இந்த முறை எவ்வளவு வந்தது?" என்று கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். "சரியாகத் தெரியாது மாமா, பெரிய சேர்தான் பார்ப்பார்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். இரண்டு கணக்குப் புத்தகம் எழுதச் சொல்பவரிடமும் முதல் நாளே முடியாது என்று சொல்வது நல்லது. இரண்டாம் ஆண்டில் சொன்னால், முதலாம் ஆண்டுப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும்.