லோடு ஏறினால் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? பார்ட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

வீடியோ ரெண்டர் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது, கேம் திறந்து ஷேடர் (கிராபிக்ஸ் வரையும் சின்னச் சின்ன புரோகிராம்கள்) கம்பைல் ஆகும்போது அப்படியே உறைந்துவிடுகிறது, ஆனால் பிரவுசரும் யூடியூப்பும் நாள் முழுக்க நன்றாக ஓடுகின்றன. இப்படி யாராவது சொன்னால் உடனே வரும் பதில், "ஹீட் ஆகுது, பேஸ்ட் மாத்துங்க". சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பூசும் அந்தப் பேஸ்டை மாற்றுவதில் தப்பில்லை, ஆனால் வெறும் சூடு ஒரு பிராசஸரை உறைய வைப்பது அபூர்வம். எல்லையைத் தொட்டதும், அதாவது இன்டெல் டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில் 100 டிகிரி, ஏஎம்டி ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசையில் பெரும்பாலானவற்றில் 95 டிகிரி வந்ததும், அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் போனால் பட்டென்று ஆஃப் ஆகும். உறைகிறது என்றால் வோல்டேஜ், ரேம், பவர் பக்கமும் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் அது உண்மையான ஹேங்தானா என்று பாருங்கள். திரை நின்றதும் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறினால் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கோ கிராபிக்ஸ் டிரைவரோ மாட்டிக்கொண்டிருக்கலாம், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். விளக்கும் மாறவில்லை, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்றால் பெரும்பாலும் ஹார்டுவேர் விஷயம்.

ரீஸ்டார்ட் ஆனதும் ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் இடம்) சிஸ்டம் லாகைத் திறங்கள். கெர்னல் பவர் 41 என்று ஒன்று இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. தேட வேண்டியது ஹார்டுவேர் பிழைகளைக் குறிக்கும் வீயா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் வரும் 18, 19 எண்கள். 19 என்றால் பிழை வந்து திருத்தப்பட்டது, 18 என்றால் திருத்த முடியாத அளவுக்குப் போய்விட்டது. இதைப் பார்த்துவிட்டால் விண்டோஸை அழித்து மறுபடி போடும் வேலையைத் தள்ளிவையுங்கள்.

சரி, இப்போது சூட்டைப் பார்க்கலாம். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) புரோகிராமைத் திறந்து வைத்துவிட்டு, பிராசஸருக்கு முழு லோடு கொடுக்கும் சினிபெஞ்ச் (Cinebench) ஓட்டுங்கள். டிகிரி எவ்வளவு என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம். லோடு விழுந்த சில நொடிகளிலேயே உச்சிக்குத் தாவினால் கூலர் சிப்பின் மேல் சரியாக உட்காராமல் இருக்கலாம். இன்டெல் சிப்போடு வரும் பாக்ஸ் கூலரின் நாலு பின்களில் ஒன்று முழுசாக இறங்காமல் இருக்கும், அல்லது அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுக்காமலே மாட்டியிருப்பார்கள். பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் தூசி, காய்ந்த பேஸ்ட், கேபினெட்டில் காற்றோட்டம் இல்லாதது. லேப்டாப் என்றால் பெரும்பாலும் ஃபேன் தூசிதான்.

சூடு சரியாக இருந்தும் உறைகிறதா? பயாஸுக்குப் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) போய் ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது), பிபிஓ (ஏஎம்டி சிப்பின் பவர் எல்லையை உயர்த்தும் வசதி) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டீஃபால்டுக்கு வாருங்கள். முக்கியமாக ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி (XMP) அல்லது எக்ஸ்போவை (EXPO) ஆஃப் செய்யுங்கள். ரேம் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் ஓவர்கிளாக் கணக்கில்தான் வரும், எல்லா போர்டும் எல்லா சிப்பும் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஹேங் நின்றுவிட்டால் ரேம் வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம். நிற்கவில்லை என்றால் பென் டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86 போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள், ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஃபெயில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், தயவுசெய்து. நாலைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம் ஒரு சுலபமான சோதனை. விண்டோஸ் பவர் பிளானில் பிராசஸரின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாகக் குறைத்தால் பெரும்பாலான சிஸ்டங்களில் டர்போ, அதாவது சிப் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்வது, நின்றுவிடும். அப்படி வைத்து ரெண்டர் முழுசாக முடிந்தால், டர்போவில் சிப் கேட்கும் வோல்டேஜோ பவரோ சரியாகக் கிடைக்கவில்லை என்று சந்தேகப்படலாம். போர்டின் மேல் மூலையில் சிபியுவுக்கென்று இருக்கும் பவர் கனெக்டர் முழுசாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். உறையாமல் சட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) மேல்தான் முதல் சந்தேகம்.

உங்களிடம் இருப்பது இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் என்றால் மேலே சொன்னதற்கெல்லாம் முன்பே பயாஸை அப்டேட் செய்யுங்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் சிப்பே தேய்ந்துபோகும் பிரச்சினையை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, அந்த ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டளைகள், பயாஸ் அப்டேட்டோடு வரும்) திருத்தங்களை வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அப்டேட் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 வருடம் நீட்டியிருக்கிறார்கள். ரேம் பாஸ், எல்லாம் டீஃபால்ட், ஆனாலும் பிராசஸரைக் கடுமையாகச் சோதிக்கும் பிரைம் 95 புரோகிராமில் ஸ்மால் எஃப்எஃப்டி (Small FFTs) என்ற சோதனையை ஓட்டினால் எரர் வருகிறது என்றால் அந்தத் திரையையும் ஈவென்ட் வியூவரையும் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வாரன்டிக்கு அனுப்புங்கள்.