ஃபோம் வாளின் உள்ளே மறைந்துவிடும் தவறுகள்

பிரிட்டனின் செஷயர் பகுதியிலுள்ள பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 1982-இல் ‘ட்ரெஷர் ட்ராப்’ என்ற அமைப்பு தொடங்கிய காலத்திலிருந்து, கதாபாத்திரமாக வேடமிட்டு களத்தில் நேரடியாக நடித்தும் சண்டையிட்டும் ஆடும் லார்ப் என்ற விளையாட்டில் ஈடுபடுவோர் தங்கள் வாளையும் கோடரியையும் ஃபோம் பொதிந்து தாங்களே செய்து வந்திருக்கிறார்கள். இந்த விளையாட்டில் வீச்சை அடக்கித்தான் அடிப்பார்கள் என்றாலும், அடி உண்மையாகவே எதிராளியின் உடலில் படுகிறது. ஆகவே, செய்தவர் விட்ட பிழையின் வலியை அனுபவிப்பவர் பெரும்பாலும் வேறொருவராகவே இருக்கிறார். புதிதாகச் செய்ய வருபவர்கள் வெள்ளிநிறப் பூச்சிலும் கைப்பிடி வேலைப்பாட்டிலும் செலுத்தும் கவனத்தில் பாதியைக்கூட உள்ளிருக்கும் தண்டின்மீது செலுத்துவதில்லை. மேலே ரப்பர் பூச்சு ஏறிவிட்ட பிறகு அந்தத் தண்டைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வழியே இல்லை.

முதல் தவறு தண்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே நிகழ்கிறது. வீட்டில் கிடக்கும் துடைப்பக் கட்டையோ மூங்கிலோ போதும் என்று தொடங்குபவர்கள் உண்டு. மரம் முறியும்போது கூரிய முனையோடு முறிகிறது. மூங்கில் நீளவாக்கில் பிளந்து சிம்பு சிம்பாக ஃபோமைத் துளைக்கிறது. உலோகக் கம்பி ஒருமுறை வளைந்தால் மீண்டும் நிமிர்வதில்லை, அதன் எடையும் அடியைக் கடினமாக்குகிறது. வளைந்து நிமிரும் ஃபைபர் கிளாஸ் தண்டையே அனுபவமுள்ளவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒற்றைக் கை வாளுக்கு ஏறத்தாழ 10 மி.மீ. விட்டம் போதுமானது. அதை அறுக்கும்போது பறக்கும் தூள் தோலில் ஏறி நாள் முழுக்க அரிக்கும், மூச்சில் போனால் இன்னும் கெடுதல். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அறுப்பது அறவே கூடாது. அறுத்த தண்டின் வழவழப்பு போக உப்புத்தாள் தேய்த்து, அதன்மேல் துணி நாடா சுற்றிவிட்டால், பசை நன்றாகப் பிடிப்பதோடு தண்டு என்றாவது விரிந்தாலும் சிம்புகள் வெளியே வராமல் நிற்கும்.

நுனியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஆபத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. அறுத்த தண்டின் முனை விளிம்பு கூர்மையானது. ஒவ்வொரு வீச்சிலும் அது ஃபோமின் உட்புறத்தைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டே இருப்பதால், சில மாதங்களில் தண்டு நுனியை நோக்கி நகர்ந்துவிடுகிறது. இதைத் தடுக்க, முனையை உருட்டி மழுக்கி, நாணய அளவிலான தடித்த தோல் துண்டுகள் இரண்டை அதன் தலைமீது ஒட்டி, அவற்றை ஒரு தொப்பியைப் போலக் கீழ்நோக்கி நாடாவால் இறுகக் கட்ட வேண்டும். அந்தத் தோலுக்கு அப்பால் குறைந்தது 5 முதல் 7 செ.மீ. வரை வெறும் ஃபோம் மட்டுமே இருக்க வேண்டும். வாள் ஒல்லியாகவும் கூராகவும் தெரிய வேண்டும் என்ற ஆசையில் இந்த இடைவெளியைக் குறைப்பவர்கள், கண்ணுக்கும் ஃபைபர் கிளாசுக்கும் நடுவே ஒரு விரல் தடிமனை மட்டுமே விட்டுவைக்கிறார்கள். இவ்வளவு காப்பு செய்தாலும் தண்டுள்ள வாளால் குத்தக் கூடாது என்பதே பிரிட்டனின் பெரும்பாலான அமைப்புகளின் விதி. எறியும் கத்திக்கோ, உள்ளே தண்டே இருக்கக் கூடாது.

ஃபோம் எதுவானாலும் சரி என்று நினைப்பதும் தவறே. மெத்தைக்குள் வைக்கும் திறந்த துளை ஃபோம் அழுத்தினால் முழுவதும் நசுங்கித் தண்டை உணர்த்திவிடும். தெர்மாகோலோ நொறுங்கும், கரைப்பான் கலந்த பசை பட்டால் கரைந்தும் போகும். தேவையானது மூடிய துளை ஃபோம். பிரிட்டனில் பலர் பயன்படுத்தும் பிளாஸ்டசோட் எல்டி 45 என்ற வகையில் 45 என்பது ஒரு கனமீட்டருக்கு அத்தனை கிலோ என்னும் அடர்த்தியைக் குறிக்கிறது. வழக்கமான அமைப்பில் 10 மி.மீ. தாள்கள் மூன்றை அடுக்கி, நடுத்தாளில் பள்ளம் வெட்டித் தண்டைப் பொருத்துகிறார்கள். வாளின் அலகு 6 செ.மீ. அகலம் என்றால் இரு விளிம்புகளிலும் தண்டுக்கு அப்பால் 2.5 செ.மீ. ஃபோம் கிடைக்கிறது, தட்டைப் பக்கத்திலோ 10 மி.மீ. மட்டுமே. அழகுக்காக அலகின் நடுவே நீள வாய்க்கால் செதுக்குபவர்கள் அந்த 10 மி.மீ.யையும் பாதியாக்கிவிடுகிறார்கள். வாய்க்கால் வேண்டுமென்றால் முதலிலேயே தடித்த தாளை வாங்க வேண்டும்.

ஒட்டுவதில் அவசரமே பெரும்பகை. கான்டாக்ட் பசையை இரு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரவிட்ட பிறகே சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது. ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் கரைப்பான் உள்ளே சிறைப்பட்டு, சில நாட்களில் அடுக்குகள் பிரியத் தொடங்கும், தண்டும் உள்ளுக்குள் சுழலத் தொடங்கும். சூடாக்கி ஒட்டும் குச்சிப் பசை கட்டியாக இறுகுகிறது, உடனே ஒட்டும் பசை கண்ணாடிபோல் வெடிக்கிறது. இரண்டுமே அலகுக்கு ஆகாது. கான்டாக்ட் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது, தலைசுற்றலும் தரும் என்பதால் அறைக்குள் கதவடைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது.

மேல்பூச்சாகப் பூசும் லேடெக்ஸ், கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் சீவி எடுக்கும் அதே பால்தான். கெட்டியாகாமலிருக்க அதில் அம்மோனியா சேர்த்திருப்பார்கள். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் மேலே ஆடை படர்ந்து உள்ளே ஈரம் தங்கும். மெல்லிய பூச்சாக ஐந்தாறு முறை, ஒவ்வொன்றும் தெளிவாகக் காய்ந்த பிறகு பூசுவதே சரி. நிறத்துக்கு நீர் கலந்த அக்ரிலிக் வண்ணத்தை அளவோடு சேர்க்கலாம். மிகுந்தால் பூச்சு வளையும்போது வெடிக்கும். எண்ணெய் கலந்த வண்ணம் ரப்பரை அழித்துவிடும். இறுதியில் மூடுபூச்சு இல்லாமல் விட்டால் பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும். ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் களத்தில் இருப்பார்கள் என்பதால் பூச்சு எதனாலானது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

குறுக்குக் காப்பும் பிடியின் அடிக்குமிழும் அடிக்கும் பகுதிகள் அல்ல என்று எண்ணி அவற்றைக் கடினமாக விடக் கூடாது. நெருங்கி மோதும்போது பல்லில் படுபவை அவைதான்.

வாளைத் தாங்களே செய்யலாம் என்றாலும், அம்பு விஷயத்தில் என் கருத்து வேறு. பிரிட்டனின் பல அமைப்புகள் வில்லின் இழுவிசையை 28 அங்குல இழுப்பில் 30 பவுண்டுக்குள் கட்டுப்படுத்தியிருந்தாலும், பறந்து வரும் தண்டின் நுனி கண்ணுக்கு நேராக வருகிறது. அம்புத்தலையை வீட்டில் செய்து பழக வேண்டாம், பரிசோதிக்கப்பட்டதை வாங்குங்கள்.

செய்து முடித்த வாளைச் சுவரோரம் நுனி ஊன்றி நிறுத்துவது, களத்தில் கைத்தடிபோல ஊன்றி நிற்பது, வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டுவைப்பது ஆகிய மூன்றும் நல்ல வாளையும் கெடுக்கும். கைப்பிடியில் தொங்கவிடுங்கள், அல்லது ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டையாக வையுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்பு பரிசோதகர்கள் செய்வதையே நீங்களும் செய்யுங்கள்: பிடியிலிருந்து நுனிவரை இரு விரலால் அமுக்கிக்கொண்டே செல்லுங்கள், அலகை லேசாக வளைத்துக் காதருகே கேளுங்கள், நுனியைக் கட்டை விரலால் அழுத்துங்கள். பூச்சில் சிறு கிழிசல் இருந்தால் ரப்பர் பால் தடவிச் சரிசெய்யலாம். தண்டின் முனை விரலில் தட்டுப்பட்டாலோ, வளைக்கும்போது நெரியும் ஓசை கேட்டாலோ, அதற்கு ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். அந்த வாளை மற்றொருவர் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி வெட்டிப் போடுங்கள்.