தானாக அணைந்த மடிக்கணினி

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில், சென்ற மே மாதம், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவியிருந்த என் ஐந்தாண்டுப் பழைய மடிக்கணினி, வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும்போதெல்லாம் எந்த எச்சரிக்கையுமின்றி அணைந்துபோனது. பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று நானே முடிவுகட்டி, புதிது வாங்கக் கடைக்குப் புறப்பட்டும்விட்டேன். நல்லவேளையாக, அதற்குமுன் கணினிப் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் முந்தைய இயக்கத்தின் பதிவுகளைத் திறந்து பார்த்தபோது, வெப்பம் அபாய எல்லையை எட்டியதால் கணினி நிறுத்தப்படுகிறது என்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே கடைசி வரிகளில் எழுதிவைத்திருந்தது.

வெப்பநிலையைக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவிக் கவனித்தேன். சும்மா இருக்கும்போதே 68 டிகிரி செல்சியஸ். வேலை கொடுத்தவுடன் 98ஐத் தாண்டியது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எச்டாப்பில் பார்த்தபோது பின்னணியில் வேறு எந்த நிரலும் பிராசசரை விழுங்கிக்கொண்டிருக்கவில்லை. எனவே மூடியைக் கழற்றத் துணிந்தேன்.

பேட்டரி இணைப்பைப் பிடுங்கிய பின் விசிறியை வெளியே எடுத்தேன். இறக்கைகளில் தூசி அதிகமில்லை. விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில்தான், கம்பளித் துண்டைப்போல ஒரு விரல் நீளத்துக்குத் தூசி படிந்து, காற்று வெளியேறும் வழியையே அடைத்திருந்தது. உப்புக்காற்றின் ஈரத்தில் அது பிசுபிசுத்துப்போயிருந்ததால் ஊதியும் அசையவில்லை. இடுக்கியால்தான் உரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிராசசர்மேல் சுண்ணாம்புபோல் காய்ந்திருந்த வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன்.

இப்போது அதே வேலையில் வெப்பம் 81 டிகிரிக்குமேல் போவதில்லை. மின்சிக்கனத்துக்கான டிஎல்பி மென்பொருளால், பிராசசரின் கூடுதல் வேகமான டர்போவை நிறுத்தியபோது 72க்கே இறங்கியது. ஆனால் வீடியோ முடிய வெகுநேரம் பிடித்ததால், டர்போவை மீண்டும் இயக்கிவிட்டேன்.